கேப்ட்சா பூட்டு எவ்வளவு உறுதி?

இலவச மின்னஞ்சல் கணக்கு தொடங்கும்போது, கோணல்மாணலான எழுத்துகள் கொண்ட சிறு படத்தைக் காட்டி, அதை டைப் செய்யச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குப் பெயர் கேப்ட்சா. விண்ணப்பிப்பவர் மனிதரா, அல்லது கணக்குகளை ஆயிரக்கணக்கில் தொடங்கும் புரோகிராமா என்று கண்டறியும் சோதனை இது.

இந்தப் பூட்டு எவ்வளவு உறுதி? என் கம்ப்யூட்டரிலேயே ஒரு படிவம் அமைத்து, அதில் நான் செய்து பார்க்கும் சோதனைகள் மூன்று.

1. பக்கத்தில் ரைட் கிளிக் செய்து, வியூ பேஜ் சோர்ஸ் பிரிவைத் திறக்கிறேன். படத்தில் உள்ள எழுத்துகள் அங்கே அப்படியே இருந்தால், புரோகிராம் படத்தைப் படிக்கவே வேண்டாம். சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான்.

2. ஒரு முறை ஏற்கப்பட்ட விடையையே மறுபடியும் அனுப்புகிறேன். அதையும் ஏற்றுக்கொண்டால், மனிதர் ஒருவர் ஒரு முறை சொன்ன விடையை வைத்துக்கொண்டு புரோகிராம் எத்தனை முறையும் நுழையலாம்.

3. பிரவுசரில் ஜாவா ஸ்கிரிப்ட் இயங்குவதை நிறுத்திவிட்டு, விடைக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன். படிவம் ஏற்கப்பட்டால், சர்வர் விடையைச் சரிபார்க்கவே இல்லை என்று பொருள்.

பிறருடைய தளங்களில் அனுமதியின்றி இவற்றைச் செய்யாதீர்கள்.

மூன்றிலும் தேறினாலும் படம் நிரந்தரக் காவல் அல்ல. 2003லேயே கிரெக் மோரி, ஜிதேந்திர மாலிக் இருவரும் ஈஸி-ஜிம்பி என்ற வகைப் படங்களில் 92 சதவீதத்தைப் புரோகிராம் மூலம் படித்துக் காட்டினார்கள். 2014ல் கூகுள், மிகக் கடினமான எழுத்துப் படங்களையும் தன் புரோகிராம் 99.8 சதவீதம் சரியாகப் படிப்பதாக அறிவித்தது. கட்டத்தில் டிக் செய்யும் முறையை அது கொண்டு வந்ததும் அதே ஆண்டில்தான். கூலிக்கு மனிதர்களே விடை தரும் சேவைகளும் உண்டு. அவர்களை எந்தப் படமும் தடுக்காது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. கேப்ட்சா காப்பது தளத்தை, உங்களை அல்ல. கேப்ட்சா இருப்பதாலேயே ஒரு தளத்தை நம்பிவிடாதீர்கள். 2024ல் போலி கேப்ட்சாக்கள் பரவலாயின. விண்டோஸ் கீயுடன் ஆர், அடுத்து கண்ட்ரோல் வி, பின் என்டர் அழுத்துமாறு அவை சொல்லும். அழுத்தினால், அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளை இயங்கி, பாஸ்வேர்ட் திருடும் புரோகிராம் உள்ளே வந்துவிடும்.

உண்மையான கேப்ட்சா இந்தக் கீகளை அழுத்தி எதையும் இயக்கச் சொல்லாது. சொன்னால், எதையும் அழுத்தாமல் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.