கடல் கடந்த குரல்

அமெரிக்காவின் ‘ரேடியோ ஷாக்’ மின்னணுக் கடைகள், 1970-களில் ‘ரியலிஸ்டிக் டிஎக்ஸ்-160’ என்னும் சிற்றலை வானொலியை விற்றன. அதன் குமிழை மெல்லத் திருகினால், இரைச்சலுக்கு நடுவே அயல்நாட்டுக் குரல்கள் கேட்கும். சிற்றலைகள் வானின் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் கடந்தும் செல்வதே இதற்குக் காரணம்.

இணையம் பரவியதும் இத்தகைய வானொலிகளின் மவுசு குறைந்தது. 2015-இல் அந்த நிறுவனமும் நொடித்துப் போனது.

ஆயினும், 2022-இல் உக்ரேனில் போர் மூண்டது. கீவ் நகரின் தொலைக்காட்சிக் கோபுரம் தாக்கப்பட்டது. உடனே பிபிசி, அந்நாட்டு மக்களுக்காகச் சிற்றலையில் செய்தி ஒலிபரப்பியது. இணையம் துண்டிக்கப்பட்டாலும், மின்கலத்தில் இயங்கும் பழைய வானொலிக்குச் செய்தி வந்து சேரும்.

வினாக்கள்
1. சிற்றலைகள் நெடுந்தொலைவு செல்வது எவ்வாறு?
2. பழைய வானொலியைப் பாதுகாப்பது அவசியமா? கலந்துரையாடுக.