கொழுந்து சிவக்கும் கணவாய்

கொழுந்து மூட்டையை அழுத்திக் கட்டக் கூடாது என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த பாடம். நசுங்கிச் சூடேறிய கொழுந்து, 'ஸ்டோர்' என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகும் முன்பே சிவந்துவிடும், தரமும் கெட்டுவிடும். ஆனால் அதே ஸ்டோரில் கொழுந்தை வாட்டி, அரைத்து, பரப்பி வைப்பதும் அது செம்பு நிறம் பெறுவதற்காகத்தான். செடியில் இருக்கும்போதும் இலையைச் சுற்றி ஒட்சிசன் இருந்ததே. அப்போது ஏன் சிவக்கவில்லை?

உயர்தர வகுப்பில் நாம் வரையும் ஒரு வளைகோடு இங்கே உதவும். ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் தாக்கிகள். மறு பக்கத்தில் விளைபொருள்கள். நடுவே ஒரு மேடு. மேட்டின் உயரம் ஏவற்சக்தி. அதன் உச்சி தாண்டல் நிலை. வெப்பநிலை கூடும்போது தாக்கவீதம் ஏன் கூடுகிறது என்பதை 1889இல் அரேனியசு இந்த மேட்டைக் கொண்டே விளக்கினார். ஆனால் உயரத்தை மட்டும் மனனம் செய்தால் பாதி விடயம் விடுபட்டுப் போகும்.

அந்த மறுபாதியை அறிய, கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாகப் பதுளை செல்லும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டிப்பொலவுக்கு அருகே, 1898 மீற்றர் உயரத்தில், பாதை தன் உச்சியைத் தொடுகிறது. அப்பால் ஊவாப் பக்கம். எத்தனை பேர் அப்பக்கம் போகிறார்கள் என்று அறிய ஒவ்வொரு பயணியின் பின்னாலும் அலைய வேண்டியதில்லை. உச்சியில் நின்று எண்ணினால் போதும். ஆனால் அங்கே எடுத்த ஒரு புகைப்படம் ரயில் பதுளைக்குப் போகிறதா, கொழும்புக்கு வருகிறதா என்று சொல்லாது. இடத்தோடு வேகமும் திசையும், அதாவது உந்தமும், தெரிய வேண்டும். மூலக்கூறின் இடத்தையும் உந்தத்தையும் சேர்த்துக் குறிக்கும் கற்பனை வெளிதான் அவத்தை வெளி. தாண்டல் நிலை அவ்வெளியில் உள்ள ஓர் இடுக்கு வாயில்.

1935இல் அமெரிக்காவில் ஐரிங்கும், மான்செஸ்டரில் இவான்சும் போலன்யியும் இந்த எண்ணும் முறையைக் கோட்பாடாக்கினர். வாயிலைக் கடந்த மூலக்கூறு திரும்பி வராது என்பதே அதன் அடிப்படை என்று 1938இல் விக்னர் தெளிவுபடுத்தினார். உண்மையில் சில மூலக்கூறுகள் திரும்பி வருவதுண்டு. அவற்றையும் கடந்தவையாக எண்ணினால் கணக்குக் கூடிப்போகும். ஆகவே ஆகக் குறைந்த கடப்பு உள்ள இடத்தில் கோட்டை வரைய வேண்டும். அது எப்போதும் உச்சியிலேயே அமைவதில்லை. மேடு தாழ்வாக இருந்தாலும் வாயில் மிக ஒடுங்கியிருந்தால் தாக்கம் மெதுவாகவே நடக்கும்.

இனிக் கொழுந்துக்கு வருவோம். இலையின் கலத்தினுள் பல்பீனோல்கள் ஓர் அறையிலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. நொதியம் இல்லாமல் ஒட்சிசன் தாண்ட வேண்டிய மேடு மிக உயரம். அரைக்கும்போது கலங்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. செம்பு அணுக்களைக் கொண்ட அந்த நொதியம் தாழ்வான வேறொரு கணவாயைத் திறந்துவிடுகிறது. நொதியம் சக்தி கொடுக்கிறது என்று விடைத்தாளில் எழுதுவது தவறு. அது கொடுப்பது வேறு வழி. பின்னர் உலர்த்தியின் சூடான காற்று நொதியத்தைச் சிதைக்க, அந்தக் கணவாய் மூடப்படுகிறது.

வாயிலைக் கடக்கும் மூலக்கூறை நேரில் காண முடியுமா? எகிப்தில் பிறந்த அஹமட் ஸெவைல் அதைச் செய்து காட்டினார். 1987இல் அவரது குழு, அயடீன் சயனைட்டின் பிணைப்பு ஏறத்தாழ 200 பெம்ரோசெக்கனில் உடைவதை லேசர் துடிப்புகளால் பின்தொடர்ந்தது. ஒரு பெம்ரோசெக்கன் என்பது ஒரு செக்கனை ஆயிரம் இலட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. 1999இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்போது அந்த மூட்டையைப் பாருங்கள். நசுங்கியதால் கணவாய் திறந்தது. சூடேறியதால் அதைக் கடக்கும் மூலக்கூறுகள் பெருகின. மலையில் ஒரு நாள் முழுதும் பறித்த உழைப்பு அங்கேதான் வீணாகிறது. மூட்டையைத் தளர்த்திக் கட்டச் சொல்லும் நம் தாய்மார், புத்தகம் திறக்காமலேயே இந்தப் பாடத்தை அறிந்திருக்கிறார்கள். அதன் காரணத்தை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது, படிக்கும் நம் பொறுப்பு.