சுமைகூலி முக்கால் பணம்: ஒரு பழைய ஹெரால்டு காரின் உண்மைக் கணக்கு



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பழைய கார் வாங்க ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் இந்தப் பழமொழியை எழுதி ஷெட் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். வண்டி வாங்குகிற விலை சுண்டைக்காய். அதை ஓடுகிற நிலையில் வைத்திருக்கிற செலவுதான் சுமைகூலி.

டிப்ளமோ படிக்கிற நமக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வருவது இயற்கை. மெக்கானிக்கல் மாணவன் மட்டுமல்ல, சிவில், எலக்ட்ரிகல் மாணவனுக்கும் வரும். புதியது வாங்க வசதி கிடையாது. "பழசு ஒண்ணு மலிவா கிடைக்குதாம், நாமே ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்று ஒரு நண்பன் சொன்னால் உடனே மனசு கிளம்பிவிடும். கிளம்பட்டும், தப்பில்லை. கிளம்பும் முன் பேப்பரும் பேனாவும் எடுத்து ஒரு கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம், நம் தமிழ்நாட்டிலேயே பிறந்த ஒரு கார் இருக்கிறது.

சென்னையில் பிறந்த ஹெரால்டு

சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் என்ற கம்பெனி இருந்தது. இங்கிலாந்து ஸ்டாண்டர்டு கம்பெனியின் கூட்டுறவோடு 1948ல் தொடங்கப்பட்டது. 1961 முதல் 1971 வரை அங்கே தயாரானதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு இது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர்.

"ஹெரால்டு குடும்பக் கார்தானே, ஸ்போர்ட்ஸ் கார் எங்கே வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1962ல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி மாற்றி அமைத்துச் செய்யப்பட்டதே. முன் சஸ்பென்ஷன், ஸ்டீரிங், பின் ஆக்ஸில் அமைப்பு எல்லாம் ஒரே வம்சம். ஹெரால்டின் முன்சக்கர அப்ரைட்டை லோட்டஸ் போன்ற பந்தயக் கார் கம்பெனிகளும் வாங்கிப் பயன்படுத்தின. நம் ஊர் ஹெரால்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் நடந்த பந்தயங்களில் அதுவும் ஓடியது. ஆகவே நமக்குக் கிடைக்கக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு மிக நெருங்கிய சொந்தக்காரன் ஹெரால்டுதான்.

எஞ்சின் நான்கு சிலிண்டர். போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. நமக்குத் தெரிந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், 948 சி.சி. வரும். பானட் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியின் பெரிய பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. படிக்கிற பையன் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடைப்பது கஷ்டம். இனி செலவுக் கணக்குக்கு வருவோம்.

1. வாங்கும்போதே மறைந்திருக்கும் செலவு

பளபள பெயிண்ட்டைப் பார்த்து விலை பேசக்கூடாது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள். பாடியைத் தாங்குகிற இந்த அவுட்ரிகர்களில் சேறு தங்கித் துரு பிடிக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் "டங்" என்று சத்தம் வர வேண்டும். "பொத்" என்று வந்தால் பாடியையே இறக்கி வெல்டிங் செய்ய நேரும்.

இரண்டாவது, கிராங்க் ஷாஃப்ட் த்ரஸ்ட் வாஷர். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்கே தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் அரை வட்ட வாஷர் கீழே விழுந்து, கிராங்க் ஷாஃப்ட்டும் எஞ்சின் பிளாக்கும் உரசிக் கெடும். சில நூறு ரூபாய் வாஷரை விட்டதற்கு எஞ்சினையே பறிகொடுப்போம்.

மூன்றாவது, ட்ரன்னியன். முன்சக்கரத்தின் வெர்டிகல் லிங்க் கீழே மரை போட்டு ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டீரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குக் கிரீஸ் போடக்கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் உள்ளே இறுகிவிடும், தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், ஒருநாள் திருப்பத்தில் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஒரு கைப்பிடி ஆயிலின் விலை எங்கே, முறிந்த முன்சக்கரத்தின் விலை எங்கே! பராமரிப்பு என்ற பாடம் முழுவதும் இந்த ஒரு மரைக்குள் அடங்கியிருக்கிறது.

2. காகிதச் செலவு

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பிறகு ஃபிட்னஸ் பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தியது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம்.

50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு 2021ல் விண்டேஜ் பதிவு விதிகள் வந்தன. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். வயதைப் பார்த்தால் ஹெரால்டு இதற்குத் தகுதியானது. ஆனால் ஒரு நிபந்தனை: கண்காட்சி, விண்டேஜ் ராலி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது. ஆகவே எந்தப் பதிவு வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

3. ஓடும் செலவு

பெட்ரோல் விலை எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் பெட்ரோலே மாறிவிட்டது என்பது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் இது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. வால்வு சீட்டுக்குக் கவசமாக இருந்தது அந்த ஈயம்தான். அது இல்லாமல் வேகமாகவும் பாரத்தோடும் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் அமுங்கிப்போகும். சிலிண்டர் ஹெட்டைக் கடைந்து கடினமான சீட் வளையம் பொருத்துவதே நிரந்தர வழி.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் இவற்றைக் கெடுக்கும். அதோடு, ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம் ஆற்றல் குறையும். மைலேஜ் கணக்கில் அதையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

4. நிற்கும் செலவு

"ஓட்டாமல் வைத்தால் செலவே இல்லை" என்பது பெரிய ஏமாற்று. நிற்கிற காரில் பேட்டரி சாகும். டயர் ஓடாமலே வெடிப்பு விடும். பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சி, வீல் சிலிண்டர் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். அந்தக் காலக் கார்களில் பொதுவாக ஒரே ஹைட்ராலிக் சர்க்யூட்தான். ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு! ஆகவே பிரேக் வேலையில் மட்டும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற பேச்சே கூடாது.

5. கிடைக்காத பொருளின் விலை

ஸ்டாண்டர்டு கம்பெனி 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. அது விற்பனையாகவில்லை, 1980களின் இறுதியில் தயாரிப்பு நின்றது. கம்பெனி போனால் ஸ்பேர் பார்ட்ஸும் போகும்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் நிறைய. அதனால் ட்ரன்னியன், சஸ்பென்ஷன் புஷ் போன்றவை அங்கே இன்றும் புதிதாகத் தயாராகின்றன. கப்பல் கட்டணமும் சுங்கமும் கொடுத்தால் வந்துவிடும். ஆனால் மார்க் 3 என்ற நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் பின்கதவுக்கு இங்கிலாந்திலும் பதில் கிடையாது. இன்னொரு பழைய காரைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது தகரத்தைத் தட்டித்தான் செய்ய வேண்டும். அதாவது எஞ்சின் சாமானைவிட ஒரு கதவுக் கண்ணாடிக்கு அதிக நாள் காத்திருக்க நேரலாம். வாங்கும்போது எஞ்சின் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, பாடியில் ஒரு சாமானும் குறையக்கூடாது.

டூல்ஸும் வேறு. நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. நம் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டால் 0.3 மி.மீ. ஆடும், நட்டின் முனை மழுங்கும். அங்குல ஸ்பேனர் செட் தனியாக வாங்க வேண்டும். அதுவும் செலவுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு:

இன்சூரன்ஸ் – ரூ. 3,000
பதிவுப் புதுப்பிப்பு (10,000 ÷ 5) – ரூ. 2,000
ஷெட் வாடகை (மாதம் 1,000) – ரூ. 12,000
பேட்டரி (6,000 ÷ 3) – ரூ. 2,000
டயர் 5 (20,000 ÷ 5) – ரூ. 4,000
பிரேக் ரப்பர், ஹோஸ், ஃப்ளூயிட் – ரூ. 3,000
துரு, பெயிண்ட் வேலை – ரூ. 4,000
எஞ்சின், கியர்பாக்ஸ் ஓவர்ஹால் ஒதுக்கீடு (1,00,000 ÷ 10) – ரூ. 10,000
மொத்த நிலையான செலவு – ரூ. 40,000

பெட்ரோல், ஆயில், சில்லறைத் தேய்மானம் சேர்த்து கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று வைப்போம்.

வருடம் 500 கி.மீ. மட்டும் ஓட்டினால்: 40,000 ÷ 500 = 80; அதோடு 12; ஆக கி.மீ.க்கு 92 ரூபாய்.
வருடம் 4,000 கி.மீ. ஓட்டினால்: 40,000 ÷ 4,000 = 10; அதோடு 12; ஆக 22 ரூபாய்.

வேங்கிக்காலில் இருக்கிற நமக்குப் புரிகிற அளவில் சொன்னால், 14 கி.மீ. கிரிவலப் பாதை தூரத்துக்கு முதல் ஆளுக்கு 1,288 ரூபாய் செலவு, இரண்டாவது ஆளுக்கு 308 ரூபாய். கார் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். ஆனால் மொத்தத்தில் பாருங்கள்: முதல் ஆள் வருடத்துக்கு 46,000 செலவழிக்கிறார், இரண்டாவது ஆள் 88,000. கிலோமீட்டர் கணக்கு, வருடக் கணக்கு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒன்றை மட்டும் காட்டி விற்பவரும் உண்டு, ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறுபவரும் உண்டு.

இதில் இரண்டு விஷயத்தைச் சேர்க்கவில்லை. ஒன்று, காரில் முடங்கிய முதலின் வட்டி. இரண்டு லட்சத்தை 6 சதவீதத்தில் பாங்கில் போட்டால் வருடம் 12,000 வரும். மற்றொன்று நம் உழைப்பு. வருடம் 60 மணி நேரம் வேலை செய்து, மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தால் 9,000. "நம்ம கைதானே, அதுக்கு என்ன கூலி?" என்பார்கள். நாளைக்கு அந்தக் கைதான் நமக்குச் சோறு போடப்போகிறது. அதற்கு விலை போடாதவன் எஸ்டிமேட் எழுதவே தகுதியில்லாதவன்!

அப்படியானால் வாங்கலாமா?

"பழைய கார் விலை ஏறிக்கொண்டே போகும், முதலீடு" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். புதுக்கார் போல வருடா வருடம் விலை சரியாது என்பது சரியே. ஆனால் அதில் கொட்டுகிற ரிப்பேர் பணம் விற்கும்போது அப்படியே திரும்பாது. இலாபத்துக்காக வாங்குகிறவன் ஏமாறுவான். கற்றுக்கொள்ள வாங்குகிறவனுக்கு, தாங்கக்கூடிய செலவாக இருந்தால், நஷ்டமில்லை.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கு என் யோசனை மூன்று. முதலில், சொந்தமாக வாங்குமுன் பழைய கார் வேலை செய்கிற ஒர்க்ஷாப் ஒன்றில் விடுமுறையில் போய் நில்லுங்கள். அடுத்தவர் காரில் ட்ரன்னியன் கழற்றிப் பழகுவது இலவசக் கல்வி. இரண்டாவது, வாங்குவதென்றால் விலைக்குச் சமமான தொகையை ரிப்பேருக்குத் தனியே வைத்துக்கொண்டு வாங்குங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசக்கூடாது. மூன்றாவது, முதல் நாளிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, பொருள் விலை, எடுத்த நேரம். ஆறு மாதத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும், காரை வைத்திருக்கலாமா, நல்ல கைக்கு மாற்றிவிடலாமா என்று.

வண்டலூரில் அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை இன்று இல்லை. ஆனாலும் மிச்சமிருக்கிற ஹெரால்டுகள் ஓடுகின்றன என்றால், காரணம் வசதியான சொந்தக்காரர்கள் மட்டுமல்ல. சரியான இடத்தில் சரியான ஆயிலைச் சரியான நாளில் ஊற்றிய, பெயர் தெரியாத மெக்கானிக்குகளும்தான். நாம் படிக்கிற படிப்பு அந்த வரிசையில் நிற்பதற்கான படிப்பு. கணக்கும் கையும் சேர்ந்தால் எந்தப் பழைய வண்டியும் ஓடும். கணக்கில்லாத ஆசை மட்டும் இருந்தால், புது வண்டிகூட ஷெட்டில்தான் நிற்கும்.