மழைக்கு முன் வீட்டைப் பார்ப்போம்



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு, பிள்ளைகள் படிப்பு, உடல்நலம் என்று பல பாடங்களை இந்தப் பக்கத்தில் பேசியிருக்கிறோம். நாம் உட்கார்ந்து கூட்டம் போடும் வீட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. இந்த மாதப் பாடம் அதுதான். கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம்.

நடந்த ஒரு சம்பவம்

நாங்கள் வழக்கமாகக் கூட்டம் நடத்தும் ஒரு உறுப்பினரின் வீடு. அரசுத் திட்டத்தில் கட்டிய தளம் போட்ட வீடு. கட்டி பதினெட்டு வருடம் ஆகிறது. போன கார்த்திகை மாதம், நல்ல மழை நாளில், நடுராத்திரி தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. கட்டிலில் படுத்திருந்த பாட்டி அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். அதனால் உயிர் பிழைத்தார்.

மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தோம். தளத்துக் கம்பிகள் துருப்பிடித்து வெளியே தெரிந்தன. அந்த அக்கா சொன்னார்: "ரெண்டு வருசமா அந்த இடம் ஈரமாத்தான் இருந்துச்சு மேடம். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்ட் அடிச்சோம். அடிச்சா மறைஞ்சிடும். மழை வந்தா திரும்ப வந்திடும்."

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வீட்டில் எத்தனையோ கூட்டம் நடத்தியிருக்கிறோம். அந்த ஈரக் கறைக்கு நேர் கீழே பாய் விரித்து, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எல்லாம் வரி வரியாகப் பார்த்தோம். ஒரு நாள் கூட நாங்கள் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கவில்லை.

அந்த அக்கா தளத்தைச் சரி செய்ய குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கினார். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய். மாதம் 2,000 வீதம் இருபது மாதத்தில் அசலைக் கட்ட வேண்டும். மீதி அசலுக்கு மட்டும் வட்டி போட்டாலும் மொத்த வட்டி 4,200 ரூபாய் வருகிறது. இரண்டு வருடம் முன்பே மாடியில் இருந்த விரிசலை அடைத்திருந்தால் என்ன செலவு ஆகியிருக்கும் என்று கொத்தனாரிடம் கேட்டோம். ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், இரண்டு நாள் கூலி, சிமெண்ட், மணல் எல்லாம் சேர்த்து நாலாயிரம் சொச்சம் என்றார். அதாவது இப்போது கட்டும் வட்டிப் பணமே அன்றைக்கு வேலையை முடித்திருக்கும்.

இதுதான் இந்தப் பாடத்தின் சாரம். வீட்டைக் கட்டுவது ஒரு முறை. பார்த்துக் கொள்வது வருடா வருடம்.

ஒழுகுவது மேலே, பூசுவது கீழே

தளத்தில் ஈரம் தெரிந்தால் நாம் உள்பக்கம் பூசுகிறோம், பெயிண்ட் அடிக்கிறோம். தண்ணீர் வருவதோ மேலே இருந்து. கீழே எத்தனை முறை பூசினாலும் அது நிற்காது.

மாடியில் தேங்கும் தண்ணீர் சின்ன விரிசல் வழியாக இறங்கி உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி முன்பைவிடத் தடித்துப் பெருக்கும். உள்ளே இடம் போதாமல் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளும். அப்படித்தான் பூச்சு பெயர்ந்து விழுகிறது. கறை தெரிவது முதல் எச்சரிக்கை. பூச்சு உப்புவது இரண்டாவது. கம்பி தெரிவது கடைசி எச்சரிக்கை.

எப்போது பார்ப்பது?

நம் ஊரில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அது மழை முடிந்த பிறகு வருகிறது. அழகுக்கு அது சரி. ஆனால் வடகிழக்குப் பருவமழை நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஐப்பசியில் மழை பிடித்துக் கொண்டால் கொத்து வேலை செய்ய முடியாது. ஆகவே ஆவணி மாதத்தில் ஒரு நாளை வீட்டுக்காக ஒதுக்குங்கள். புரட்டாசிக்குள் வேலையை முடித்து விடலாம்.

வீட்டைச் சுற்றி வரும் முறை

1. மாடியில்: தளம் நன்றாகக் காய்ந்த நேரத்தில், துணைக்கு ஒருவரோடு ஏறுங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் ஓரத்துக்குப் போக வேண்டாம். சருகு, மண், பழைய சாமான்கள், விறகு எல்லாவற்றையும் அகற்றுங்கள். மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயை முதலில் சுத்தம் செய்யுங்கள். பல வீடுகளில் ஒழுகுவதற்குக் காரணம் இந்த அடைப்புதான். பிறகு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் குழாய் பக்கம் ஓடினால் வாட்டம் சரி. தேங்கி நின்றால் அந்த இடத்தை அடையாளம் போட்டு வையுங்கள்.

2. செடிகள்: கைப்பிடிச் சுவர், சன்ஷேடு இடுக்கில் அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருக்கும். பறவை எச்சத்தில் வந்த விதை அது. மேலே ஒடித்து விட்டால் போதாது, மறுபடி துளிர்க்கும். விரல் அளவு இருக்கும்போதே வேரோடு எடுத்து, அந்த ஓட்டையைக் கலவை வைத்து அடையுங்கள்.

3. வீட்டுக்குள்: தளத்தை நீளமான குச்சியால் மெதுவாகத் தட்டுங்கள். நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று தட்ட வேண்டும். கெட்டியான சத்தம் வந்தால் பயமில்லை. பானையைத் தட்டுவது போல டொப் டொப் என்று வந்தால் பூச்சு கழன்றிருக்கிறது. அந்த இடத்தின் கீழே கட்டிலோ தொட்டிலோ போடாதீர்கள்.

4. சுவர் விரிசல்: முடி போன்ற மெல்லிய விரிசல் பெரும்பாலும் பூச்சில் மட்டும்தான் இருக்கும். ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவு இருந்தால் கவனிக்க வேண்டும். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் விரிசல் வளர்கிறது என்று அர்த்தம். அதைப் பூசி மறைக்காமல் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

5. வெளியே: மழைத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் சுவர் ஓரத்தில் தேங்கக் கூடாது. அஸ்திவாரம் ஊறினால் சுவர் கீழ்ப்பக்கம் உப்புப் பூத்து உதிரும். மண்ணைப் போட்டு, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிற மாதிரி சரிவு செய்யுங்கள். கழிவு நீருக்கு உறிஞ்சு குழி எடுங்கள். கொல்லையில் காய்கறிச் செடி, வாழை இருந்தால் அங்கே திருப்பி விடலாம்.

6. மரம்: கதவு நிலையில் மண் கோடு மாதிரி ஓடினால் அது கரையான் பாதை. விறகை, பழைய பலகையைச் சுவரோடு சேர்த்து அடுக்காதீர்கள்.

7. மின்சாரம்: சுவிட்ச் போர்டு இருக்கும் சுவர் ஈரமாக இருந்தால் அதைத் தொட வேண்டாம். மெயினை அணைத்து விட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். மெயின் இருக்கும் இடமே ஈரமாக இருந்தால் அதையும் தொடாமல் மின்வாரிய அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். துணி காயப்போடும் கம்பியை மின் கம்பத்திலோ அதன் இழுவைக் கம்பியிலோ கட்டக் கூடாது. வசதிப்படும்போது மின்கசிவு தடுப்பான் பொருத்துங்கள். ஷாக் அடித்தால் அது உடனே மின்சாரத்தைத் துண்டித்து விடும்.

ஓட்டு வீடு, கூரை வீடு, ஷீட் வீடு

ஓட்டு வீட்டில் உடைந்த, நகர்ந்த ஓடுகளை மழைக்கு முன் மாற்றுங்கள். பத்து ஓடுகளைக் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. கூரை வீட்டில் கீற்று மாற்றும்போதே கீழே உள்ள மூங்கில், கயிறு இற்றுப் போயிருக்கிறதா பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் யாரும் ஏறக் கூடாது, உடைந்து விழும். அதை வெட்டும்போது, துளை போடும்போது வருகிற தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கொத்தனாரிடம் என்ன பேச வேண்டும்?

"வீட்டு வேலை ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று பல சகோதரிகள் சொல்கிறார்கள். ராத்திரி எழுந்து ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பது யார்? எந்த மூலை முதலில் ஒழுகும் என்று நமக்குத்தான் தெரியும். ஆகவே கொத்தனார் வரும்போது நாமும் கூட நிற்போம். இந்த விஷயங்களைக் கேட்போம்.

- விரிசல் மேல் அப்படியே பூசக் கூடாது. விரிசலைக் கொஞ்சம் அகலமாகக் கொத்தி, தூசி தட்டி, தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அடைக்க வேண்டும்.
- இந்த வேலைக்கு ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு சலித்த மணல் போதும். தண்ணீர் புகாமல் தடுக்கும் திரவம் கடையில் கிடைக்கிறது. டப்பாவில் எழுதிய அளவுப்படி கலவையில் சேர்க்கலாம்.
- பூசிய இடத்தை ஏழு நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும். ஈரச் சாக்கு போட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலி கொடுத்த வேலை உழைப்பதும் உதிர்வதும் இந்த ஏழு நாளில்தான் இருக்கிறது. இது நம் கையில் உள்ள வேலை.
- கம்பி தெரிந்தால், துருவைக் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்து எடுத்து, துரு தடுக்கும் பூச்சு அடித்த பிறகே மூட வேண்டும். பல கம்பிகள் தெரிந்தாலோ, தளம் தொங்கியது போல இருந்தாலோ கொத்தனார் மட்டும் போதாது. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் பொறியாளரைப் பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை அந்த அறையில் படுக்க வேண்டாம்.
- மிச்சமான சிமெண்ட் மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆனால் அதன் பலம் குறையும்.

மாடி முழுவதும் ஊறுகிறது என்றால் ஒட்டுப் போட்டு லாபமில்லை. முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீர் தெளித்து அடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். சூட்டையும் குறைக்கும். செலவு கணிசமாக வரும் என்பதால் இதற்குத் திட்டமிட்டுச் சேமிக்க வேண்டும்.

பணத்துக்கு வழி

மாதம் 100 ரூபாய் வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்தால் வருடம் 1,200. மூன்று வருடத்தில் 3,600. சின்ன வேலைக்கு அது போதும். குழுவில் எல்லோரும் சம்மதித்தால் சந்தாவோடு சேர்த்து இதையும் வாங்கி, தனிக் கணக்காக எழுதலாம். ஆவணியில் அவரவர் பணத்தை எடுத்துக் கொள்ளட்டும். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு வேலை இருந்தால் கொத்தனாரை ஒரே வாரத்தில் வரவழைத்து, மணலைச் சேர்ந்து வாங்கினால் வண்டி வாடகை மிச்சம்.

அரசு உதவியையும் விசாரியுங்கள். 1985-86 இல் தொடங்கிய இந்திரா ஆவாஸ் யோஜனா, 2016 இல் பிரதமர் வீட்டு வசதித் திட்டமாக மாறியது. 2011 இல் தமிழக அரசு பசுமை வீடு திட்டம் கொண்டு வந்தது. இவையெல்லாம் புது வீடு கட்டுவதற்கு. பழைய அரசு வீடுகளைப் பழுது பார்க்கத் தமிழக அரசு 2024 இல் ஒரு திட்டம் அறிவித்தது. உங்கள் வீடு அதில் வருமா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். கிராம சபையில் எழுத்து மூலமாக மனு கொடுங்கள். ஆனால் மனுவைக் கொடுத்து விட்டு விரிசலை அப்படியே விடாதீர்கள். மழை நமக்காகக் காத்திருக்காது.

குழுவில் கலந்து பேச

1. நம் வீட்டில் எந்த இடம் முதலில் ஒழுகும்? எத்தனை வருடமாக?
2. மாடிக்குக் கடைசியாக ஏறிப் பார்த்தது எப்போது?
3. வீட்டுப் பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும்?
4. தனியாக இருக்கும் வயதான உறுப்பினரின் வீட்டை யார் போய்ப் பார்ப்பது?

நான்காவது கேள்விக்குப் பெயரும் தேதியும் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி கூட்டத்துக்கு வந்தால், நோட்டைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை தளத்தைப் பார்ப்போம். நீங்களும் இப்போதே, இதை வாசித்து முடித்ததும், தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள்.