செய்தி அறிந்து செயலாற்றுவோம்
மலை ஊராட்சிகளுக்கு ஒரு பாடம்

ஊராட்சியின் வேலை யாது என்று கேட்டால், சாலை போடுவது, குடிநீர் வழங்குவது, தெரு விளக்கு எரியச் செய்வது என்று பலரும் விடை கூறுவர். இவை உண்மையே. ஆயினும் இவையனைத்திற்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. அது தீர்மானம் செய்வது. எந்தச் சாலையை முதலில் போடுவது, எந்த ஓடையில் தடுப்பணை கட்டுவது, மழை கொட்டும் இரவில் எந்த வீட்டாரை எழுப்பி எங்கே கொண்டு சேர்ப்பது என்று முடிவு செய்த பின்னரே கைவேலை தொடங்குகிறது. தீர்மானம் நல்லதாக அமைய வேண்டுமாயின், அதற்கு ஆதாரமான செய்தி சரியானதாகவும் உரிய காலத்தில் கிடைப்பதாகவும் இருத்தல் வேண்டும். செய்தியைத் திரட்டுதல், காத்தல், உரியவரிடம் சேர்த்தல், அதைக் கொண்டு முடிவு செய்தல் ஆகிய நான்கையும் ஜவ்வாது மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

மலையின் இயல்பு

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிந்தபோதும், 2019இல் வேலூர் மாவட்டம் பிரிந்தபோதும் மலையின் நிர்வாக எல்லைகள் மாறின. ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டத்தில் உள்ளது; புதூர் நாடு வேறொரு மாவட்டத்தில் உள்ளது; பீஞ்சமந்தை மூன்றாவது மாவட்டத்தில் உள்ளது. எல்லைக்கோடு காகிதத்தில்தான் இருக்கிறது. மழைக்கும் தீக்கும் அது தெரியாது. ஒரு சரிவில் பெய்த மழை அடுத்த மாவட்டத்து ஓடையில் வெள்ளமாகிறது. ஆகவே பக்கத்து ஊராட்சி எந்த மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அதனோடு செய்திப் போக்குவரத்து வைத்துக் கொள்வது மலை ஊராட்சிகளின் முதற் கடமையாகும்.

இங்கே குடியிருப்புகள் சிதறியுள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள் பலவற்றிற்கு மோட்டார்ச் சாலை அருகில் இல்லை. கைப்பேசி அலை எட்டாத இடங்களும் உண்டு. இதன் விளைவு எத்தன்மையது என்பதை 2023 மே மாதம் காட்டிற்று. வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு பச்சிளங் குழந்தை, உரிய நேரத்தில் மருத்துவமனை சேர இயலாமல் உயிர் நீத்தது. ஆம்புலன்சு செல்லத்தக்க சாலை ஊர் வரையில் இல்லாமையால், குழந்தையின் உடலைத் தாய் சுமந்து நடக்க நேர்ந்தது. சாலை வேண்டும் என்பது இதன் முதற் பாடம். சாலை வரும் வரையில், ஒவ்வொரு சிற்றூரிலிருந்தும் வண்டி வரும் இடத்தை அடைய எத்தனை நிமிடம் ஆகும், பாம்புக் கடிக்கு மருந்து உள்ள மிக அருகிலுள்ள மருத்துவ நிலையம் எது, நோயாளியைச் சுமக்க யார் யார் வருவர் என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம்.

பழம் பஞ்சம் கற்பித்தது

செய்தியைக் கொண்டு நெருக்கடியைச் சமாளிப்பது இன்று தோன்றிய கலையன்று. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அதன் பின் அமைக்கப்பட்ட பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. 1883இல் பஞ்ச நிவாரண விதித்தொகுப்பு உருவாயிற்று. அவ்விதிகள் தந்த கூலி மிகக் குறைவு, குறைகளும் பல. ஆனால் அவற்றுள் ஒரு நல்ல கருத்து இருந்தது. பஞ்சம் முற்றிய பிறகு ஆலோசனை செய்வதற்குப் பதிலாக, பஞ்சத்தின் அடையாளங்களை முன்கூட்டியே வரையறுத்துக் கொண்டனர். மழை தவறுதல், தானிய விலை ஏறுதல், மக்கள் ஊரை விட்டு அலைதல் முதலியன அவ்வடையாளங்கள். இவற்றைக் கீழ்நிலை அதிகாரிகள் கவனித்து மேலே தெரிவிக்க வேண்டும். ஐயம் ஏற்பட்டால் சோதனையாக ஒரு வேலையைத் தொடங்கி, குறைந்த கூலிக்கும் மக்கள் திரளாக வருகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

எந்தச் செய்தி கிடைத்தால் எந்தச் செயலைத் தொடங்குவது என்பதை அமைதியான காலத்திலேயே முடிவு செய்து வைப்பதுதான் இதன் சாரம். நெருக்கடி நேரத்தில் மனம் கலங்கும், கருத்துகள் மோதும். அப்போது விவாதம் நடத்துவோர் காலத்தை இழப்பர்.

நல்லவாடும் ஒலிபெருக்கியும்

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் நம் அருகிலேயே உள்ளது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. கடலோர ஊர்களில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஊர் மக்கள் கேட்கும்படி ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அதனை ஒலிபெருக்கி வழியே உடனே அறிவித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அவ்வூரில் மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். படகுகளும் வலைகளும் போயின, உயிர்கள் நின்றன.

இங்கே காப்பாற்றியது ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமன்று. அழைப்பைப் பெறுவதற்கு ஆள் இருந்தார். பரப்புவதற்குக் கருவி இருந்தது. அக்கருவியில் வரும் செய்தி நம்பத்தக்கது என்ற பழக்கம் மக்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. நாள்தோறும் சிறு செய்திகளைச் சரியாகச் சொல்லி வரும் ஊராட்சியைத்தான் பெரிய நாளில் மக்கள் நம்புவர்.

2024ஆம் ஆண்டு மழை

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயல் கரை கடந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டதும் ஆபத்து நீங்கிற்று என்று உள்நாட்டில் எண்ணுவது இயல்பு. ஆனால் காற்றின் வேகம் தணிந்த அப்புயல் மெதுவாக நகர்ந்து உள்மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டிற்று. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை நகரில் மலைச்சரிவு மண் சரிந்து 7 பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின.

மலைவாழ் மக்களுக்குக் காற்றைவிட மழையே பெரும் பகை என்பது இதனால் விளங்கும். புயல் எங்கே இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், நம் சரிவில் எத்தனை மழை பெய்துள்ளது, இன்னும் எத்தனை பெய்யும் என்று கேட்டறிதல் வேண்டும்.

ஊராட்சியில் இருக்க வேண்டிய நான்கு ஏடுகள்

செய்தி வேறு, அறிவு வேறு. "நேற்று மழை பெய்தது" என்பது செய்தி. "இவ்வோடையின் மேல்பகுதியில் ஒரே இரவில் 10 சென்டிமீட்டர் பெய்தால் காலையில் தரைப்பாலம் மூழ்கும்" என்பது அறிவு. பல ஆண்டுச் செய்திகளை எழுதி வைத்து ஒப்பிட்டாலன்றி அறிவு பிறவாது. ஊர்ப் பெரியவர்களின் நெஞ்சில் இவ்வறிவு நிறைய உண்டு. அவர்கள் மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். ஆகவே பின்வரும் நான்கு ஏடுகளை ஒவ்வொரு ஊராட்சியும் வைத்தல் நலம்.

முதலாவது, மழை ஏடு. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழையளவை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். அரசு மழைமானி இல்லாத சிற்றூரில், அடியும் வாயும் ஒரே அகலமுள்ள நேரான பாத்திரத்தைத் திறந்தவெளியில் சமமாக வைத்து, தேங்கிய நீரின் ஆழத்தை அளவுகோலால் அளக்கலாம். அகலம் கூடினாலும் குறைந்தாலும் ஆழம் மாறாது. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் சுமார் 4,000 லிட்டர் நீராகும். எனவே 100 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு 4 இலட்சம் லிட்டர் நீர் விழுந்துள்ளது என்று அறியலாம்.

இரண்டாவது, வீட்டு ஏடு. சரிவின் அடியிலும் ஓடைக்கரையிலும் உள்ள வீடுகள், கருவுற்ற தாய்மார், தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர், நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் விவரம் இதில் இருக்கும். பிறர் நோய் பற்றிய செய்தி இதில் அடங்குவதால், பொறுப்பானவர் மட்டுமே இதனைக் காக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை திருத்தாத வீட்டு ஏடு பயன் தராது.

மூன்றாவது, வழி ஏடு. சாலை, ஒற்றையடிப் பாதை, தரைப்பாலம், மண் சரியும் திருப்பம், மாற்று வழி, மழை நாளில் நடக்க ஆகும் நேரம், கைப்பேசி அலை கிடைக்கும் மேடு ஆகியவற்றை ஒரு கைப்படத்தில் வரைந்து ஊராட்சி அலுவலகத்தில் மாட்டி வைக்கலாம்.

நான்காவது, பயிர் ஏடு. சாமை விதைத்த நாள், விதையின் வகை, முதல் மழைக்கும் விதைப்புக்கும் உள்ள இடைவெளி, விளைச்சல், விற்ற விலை, பூச்சி நோய் கண்ட நாள் ஆகியவை இதில் இடம்பெறும்.

பதிவு செய்வதன் பெருமைக்குச் சான்று மலையிலேயே உள்ளது. காவலூர் வானாய்வு நிலையத்தில் 1968 முதல் வானத்தை நோக்கி வருகின்றனர். தொலைநோக்கி எத்துணைப் பெரியதாயினும், கண்டதைக் கண்ட நேரத்தோடு எழுதாவிடில் அங்கே ஆராய்ச்சி இல்லை. நம் ஊராட்சிக்கும் அதுவே விதி: நாள், நேரம், இடம், அளவு, எழுதியவர் பெயர் ஆகிய ஐந்தும் இல்லாத குறிப்பு முழுமையானதன்று.

செய்திக்கு ஏற்ற செயல்

வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிற எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. மாவட்டம் முழுமைக்கும் தரப்படும் எச்சரிக்கையோடு நம் மழை ஏட்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் தன் நிலைமைக்கு ஏற்ப ஓர் அட்டவணை வகுத்துக் கொள்ளலாம். மாதிரிக்கு ஒன்று தருகிறோம்.

மஞ்சள் எச்சரிக்கை வந்தால்: செய்தியைச் சிற்றூர்தோறும் சேர்க்கவும், விளக்கு, கயிறு, மண்வெட்டி, எரிபொருள் ஆகியவற்றைச் சரிபார்க்கவும், கைப்பேசிகளுக்கு மின்னேற்றவும்.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால்: பிரசவ நாள் நெருங்கிய தாய்மாரை அவர்தம் இசைவுடன் மருத்துவ நிலையத்திற்கு அருகே தங்க வைக்கவும், பள்ளிக் கட்டடத்தைத் திறந்து வைக்கவும், மழையை மூன்று மணிக்கு ஒரு முறை அளக்கவும்.

சிவப்பு எச்சரிக்கை வந்தாலும், எச்சரிக்கை இன்றியே நம் பாத்திரத்தில் மழை விரைந்து ஏறினாலும்: சரிவோரத்து வீட்டாரைப் பகல் வெளிச்சத்திலேயே இடம் மாற்றவும், மூழ்கிய தரைப்பாலத்தில் எவரையும் இறங்க விடாதீர்கள், மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தெரிவிக்கவும்.

நிலத்தில் புதிய வெடிப்பு, மரம் சாய்தல், ஊற்று நீர் திடீரெனக் கலங்குதல் ஆகியவை மண் சரிவின் முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் எந்த உத்தரவுக்கும் காத்திராமல் வெளியேறுவதே தக்கது.

செய்தி மேலிருந்து கீழே மட்டும் ஓடக்கூடாது. செய்யாறு இம்மலையில் தோன்றிச் சமவெளியில் ஓடிப் பாலாற்றில் கலக்கிறது. மலையில் பெய்யும் மழையின் அளவை நாம் உடனே தெரிவித்தால், கீழேயுள்ள செங்கம் பகுதி மக்களுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். அந்தச் சில மணி நேரத்தில் மாடுகளை அவிழ்க்கலாம். குழந்தைகளை மேட்டில் ஏற்றலாம்.

கோடைக்கும் இம்முறை பொருந்தும். இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக் கோள்களின் உதவியால் காட்டுத் தீ தோன்றும் இடங்களைக் கண்டறிந்து, பதிவு செய்து கொண்டவர்களின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆயினும் புகையை முதலில் காண்பவர் ஆடு மேய்ப்பவரே. அவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வதந்தியும் உண்மையும்

நெருக்கடியில் பொய்ச் செய்தி மெய்ச் செய்தியைவிட விரைந்து பரவும். "அணை உடைந்தது" என்று எவரோ அனுப்பிய குரலைக் கேட்டு ஊரே ஓடினால், அடுத்த முறை உண்மை எச்சரிக்கையை எவரும் மதியார். யார் கண்டது, எங்கே, எப்போது என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, விடை கிடைத்த செய்தியை மட்டுமே ஊராட்சி அறிவிக்க வேண்டும். அறிவிப்பவர் ஒருவராகவும், அவர் இல்லாதபோது அறிவிக்க மற்றொருவர் குறிக்கப்பட்டவராகவும் இருத்தல் வேண்டும்.

நெடுநாள் திட்டங்களுக்கும் இவ்வேடுகளே துணை

இவ்வேடுகள் ஆபத்து நாளுக்கு மட்டும் உரியவை அல்ல. ஐந்தாண்டு மழை ஏட்டைப் பார்த்தால் தடுப்பணை எங்கே வேண்டும் என்பது தெரியும். வழி ஏட்டைக் காட்டிச் சாலை கேட்டால் கோரிக்கைக்கு வலிமை மிகும். பயிர் ஏட்டை எடுத்துக்கொண்டு அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையத்தாரை அணுகினால், நம் நிலத்திற்கு ஏற்ற சாமை வகை எது என்று பயனுள்ள ஆலோசனை பெறலாம். விலைக் குறிப்பு கையில் உள்ள விவசாயியை வியாபாரி எளிதில் ஏமாற்ற முடியாது. வெறும் கூற்றாக நின்ற தேவை, ஏட்டிலிருந்து எடுத்துக் காட்டப்படும்போது ஆதாரமாகிறது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. அவ்வணையின் முதற் கல் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலுமே. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இவற்றைத் தொடங்குவோமாக.

கிராம சபையில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நம் ஊராட்சியில் மோட்டார்ச் சாலையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சிற்றூர் எது? அங்கிருந்து நோயாளியைச் சுமந்து வர எவ்வளவு நேரம் ஆகும்?
2. இரவில் கைப்பேசி இயங்காவிடில் எச்சரிக்கையை ஒவ்வொரு சிற்றூருக்கும் கொண்டு செல்பவர் யார்?
3. கடந்த பெருமழையில் முதலில் மூழ்கிய பாலமும், முதலில் சரிந்த திருப்பமும் எவை?
4. நான்கு ஏடுகளையும் எழுதும் பொறுப்பை யார் யார் ஏற்பர்? அவற்றைச் சரிபார்ப்பவர் யார்?