திரைக்குப் பின்னே தொகுப்போர்

நுழையும்முன்

ரியாலிட்டி நிகழ்ச்சி பார்க்காத இல்லம் இன்று அரிது. மேடையில் பாடும் சிறுவர்களையும், சமையல் போட்டியில் கலந்துகொள்ளும் நடிகர்களையும், ஒரே வீட்டுக்குள் பல நாள் அடைபட்டு வாழ்வோரையும் நாம் பெயர் சொல்லி அறிவோம். அவர்கள் பேசியவற்றுள் எது நம் செவிக்கு வர வேண்டும் எனத் தெரிவு செய்பவர்களை அறிய மாட்டோம். அத்தெரிவையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றியது இப்பாடம்.

முந்நூறு மணி நேரமும் பன்னிரண்டு பகுதிகளும்

நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் பெயர்ப் பட்டியல் ஒன்று விரைந்து ஓடும். பெரும்பாலான வீடுகளில் அதற்குள் அலைவரிசை மாற்றப்பட்டிருக்கும். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் ஆகிய பெயர்கள் திரைப்படத்தாலும் அறிமுகமானவை. ரியாலிட்டி நிகழ்ச்சிக்கே உரிய இன்னொரு பணியும் அப்பட்டியலில் உண்டு. அதற்குக் கதைத் தயாரிப்பாளர் என்று பெயர். எழுதப்பட்ட கதையே இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் நிகழ்ச்சிக்குக் கதைத் தயாரிப்பாளர் எதற்கு என்ற ஐயம் எழுவது இயல்பே.

இதற்கு விடை காண 1971ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா பார்பரா நகரில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வைப் படமாக்கக் கிரெய்க் கில்பர்ட் என்னும் தயாரிப்பாளர் முனைந்தார். ஆலன் ரேமண்ட் கேமராவை ஏந்தினார். அவர் மனைவி சூசன் ரேமண்ட் ஒலியைப் பதிவு செய்தார். ஏழு மாதங்களில் ஏறத்தாழ 300 மணி நேரக் காட்சிகள் சேர்ந்தன. அவை 12 பகுதிகளாகச் சுருக்கப்பட்டு, 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்னும் பெயரில் 1973இல் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. மனைவி கணவரை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் காட்சியும் அவற்றுள் ஒன்று. நாடே அக்குடும்பத்தைப் பற்றிப் பேசியது. குடும்பத்தினரோ தங்கள் வாழ்வின் மகிழ்ச்சியான பகுதிகள் விடுபட்டுவிட்டன என்று வருந்தினர்.

படம்பிடிக்கப்பட்டவை யாவும் நடந்தவையே, எவரும் நடிக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு மணி நேரக் காட்சிக்கும் ஏறத்தாழ இருபத்து நான்கு மணி நேரக் காட்சிகள் ஒதுக்கப்பட்டன. எதை ஒதுக்குவது என்ற முடிவை யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டும். கதைத் தயாரிப்பாளரின் பணி அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

1992இல் எம்.டி.வி. அலைவரிசையில் தொடங்கிய 'தி ரியல் வேர்ல்ட்' இப்பணியை ஒரு முறையான தொழிலாக்கியது. இளைஞர்களுக்கான நெடுந்தொடர் ஒன்றை எடுக்கவே அலைவரிசை முதலில் விரும்பியது. ஆனால் கதாசிரியர்களுக்கும் நடிகர்களுக்கும் ஆகும் செலவு மிகுதியாக இருந்தது. ஆகவே முன்பின் அறியாத ஏழு இளைஞர்களை நியூயார்க்கின் ஒரே குடியிருப்பில் தங்கவைத்துப் படமாக்கினர். இதனை உருவாக்கிய இருவருள் மேரி எல்லிஸ் பூனிம் பகல்நேரத் தொடர்களைத் தயாரித்தவர். ஜோனதன் மர்ரி செய்தித்துறையிலும் ஆவணப்படத்திலும் பழகியவர். தொடரின் விறுவிறுப்பும் செய்தியின் மெய்ம்மையும் கலந்ததே ரியாலிட்டி நிகழ்ச்சி என்பது இவ்விருவரின் பின்புலத்திலிருந்தே விளங்கும். அவ்விரண்டில் எது மிகுந்தாலும் நிகழ்ச்சியின் இயல்பு மாறிவிடும்.

குறிப்பெடுக்கும் கலை

இத்துறையில் நுழையும் இளைஞருக்கு முதல் நாளிலேயே கேமரா தரப்படுவதில்லை. ஒலிவாங்கிகளுக்கு மின்கலம் மாற்றுவதும், பங்கேற்பாளரை ஒப்பனை அறையிலிருந்து அரங்கிற்கு அழைத்து வருவதும், ஒப்புதல் படிவங்களில் கையொப்பம் பெறுவதும் தொடக்கப் பணிகள். இவற்றைத் தவறின்றிச் செய்பவர் அடுத்து அமர்வது குறிப்பெடுப்பவரின் இருக்கையில். தொழில் வழக்கில் இதனை 'லாக்' எழுதுதல் என்பர்.

நாள் முழுதும் படமாக்கப்படும் நிகழ்ச்சியில் கட்டுப்பாட்டு அறை உறங்குவதில்லை. சுவர் நிறையத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேமராவின் காட்சி. குறிப்பெடுப்பவர்கள் முறை மாற்றிப் பணியாற்றுவர். காதில் ஒலிபெருக்கியை அணிந்து, யார், யாரிடம், எங்கு, எந்நேரம், என்ன பேசினார் என்பதை நேரக் குறியீட்டுடன் தட்டச்சு செய்வர். பெரும்பாலான நேரம் எதுவுமே நிகழாது. ஒருவர் உறங்குவார், மற்றொருவர் பாத்திரம் துலக்குவார். அதையும் எழுத வேண்டும். மூன்று நாள் கழித்து அந்தப் பாத்திரமே ஒரு சண்டைக்குக் காரணமாகலாம்.

இப்பணியில் நன்கு எழுதுபவர் யார், எழுதத் தெரியாதவர் யார் என்பது சில வரிகளிலேயே தெரிந்துவிடும். 'காலை 8.14. சமையலறை. மூத்தவர் கோபப்பட்டார்' என்பது ஒரு குறிப்பு. 'காலை 8.14. சமையலறை. உப்பு மிகுந்தது என்று இளையவர் சொன்னதும், மூத்தவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். குரல் உயரவில்லை. வெளியே சென்றார்' என்பது இன்னொரு குறிப்பு. முதலாவது எழுதியவரின் தீர்ப்பு, இரண்டாவது நடந்தது. முதல் குறிப்பை நம்பி வேலை செய்யும் தொகுப்பாளர், தம்மையறியாமல் மூத்தவரைக் கோபக்காரராக்கிவிடுவார். மூத்தவர் அப்போது அழுவதற்காக வெளியேறியிருக்கவும் கூடும்.

இக்குறிப்புகளைக் கொண்டு கதைத் தயாரிப்பாளர் முதலில் தாளிலேயே ஒரு தொகுப்பை உருவாக்குவார். எந்த உரையாடல் முன்னே, எது பின்னே, எங்கே பங்கேற்பாளரின் தனி நேர்காணல் இடம்பெற வேண்டும் என அவர் வரிசைப்படுத்திய பின்னரே படத்தொகுப்பு மேசைக்குப் பணி செல்லும். தனி நேர்காணலிலும் ஒரு நுட்பம் உண்டு. கேள்வி கேட்பவரின் குரல் ஒளிபரப்பாகாது. எனவே 'ஆம்', 'இல்லை' என்னும் ஒற்றைச்சொல் விடைகள் பயன்படா. வினாவையும் உள்ளடக்கிய முழுத்தொடராக விடை சொல்லுமாறு பங்கேற்பாளரைக் கேட்டுக்கொள்வர். கடுஞ்சொல் பேசாமலும் அவசரப்படுத்தாமலும் ஒருவரை மனம் திறந்து பேசவைப்பது எளிதன்று. எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் இதனை முழுமையாகக் கற்க இயலாது.

ஒரு சொல் குறைந்தால்

வெவ்வேறு நேரங்களில் பேசிய துண்டுகளை ஒட்டி, ஒருவர் சொல்லாத தொடரை அவர் குரலிலேயே உருவாக்குவது உண்டு. மேரி ஷெல்லியின் புதினத்தில் பல உடல்களின் உறுப்புகளைச் சேர்த்து உருவாக்கப்படும் உயிரை நினைவூட்டும் வகையில், ஆங்கிலத் தொலைக்காட்சியினர் இதற்கு 'பிராங்கன்பைட்' என்று பெயரிட்டனர். நீண்ட பேச்சைப் பொருள் மாறாமல் சுருக்கவும் இம்முறை பயன்படுகிறது. பொருளை மாற்றவும் அதுவே பயன்படுகிறது.

தமிழில் இதற்கு ஒட்டுவேலைகூடத் தேவையில்லை, வெட்டினாலே போதும். தமிழ்த்தொடரின் கருத்து பெரும்பாலும் இறுதியில்தான் முடிவு பெறுகிறது. 'அவளை எனக்குப் பிடிக்காது என்று யார் சொன்னது?' என ஒரு பெண் தோழிக்காகப் பரிந்து பேசுகிறாள் எனக் கொள்வோம். 'என்று' என்னும் சொல்லுக்கு முன் வெட்டினால் எஞ்சுவது 'அவளை எனக்குப் பிடிக்காது.' குரல் அவளுடையது, முகம் அவளுடையது, சொற்களும் அவளுடையவையே. பொருள் மட்டும் தலைகீழாயிற்று. மறுநாள் விளம்பரத் துணுக்கில் அந்த நான்கு நொடிகள் இருபது முறை ஒளிபரப்பாகும். நிகழ்ச்சி முடிந்து ஊருக்குத் திரும்பும் அப்பெண்ணிடம் தெருவில் எவரும் 'என்று யார் சொன்னது' என்னும் பகுதியைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

இந்த வெட்டை நிறுத்தக்கூடியவர் அறையில் ஒருவர்தான் இருப்பார். முழுத்தொடரையும் கேட்டுக் குறிப்பெழுதியவரே அவர். பெரும்பாலும் அவரே அக்குழுவில் வயதில் இளையவர், ஊதியத்திலும் குறைந்தவர். மேலதிகாரி 'நன்றாக இருக்கிறது' என்று ஏற்ற துண்டைப் பற்றி, 'அவர் அப்படிச் சொல்லவில்லை' என்று கூறும் துணிவு அவருக்கு வேண்டும். அவ்வாறு கூறியதால் அடுத்த பருவத்தில் வேலைக்கு அழைக்கப்படாதவர்களும் இருக்கக்கூடும். அதை மறைத்து இத்தொழிலை அறிமுகம் செய்வது முறையாகாது.

பங்கேற்பாளரின் நலம் இன்று சட்டமும் விதியும் பேசும் பொருளாகிவிட்டது. பிரிட்டனில் 2019இல், பங்கேற்பாளர் ஒருவரின் மரணத்தை அடுத்து, பல ஆண்டுகள் நடைபெற்ற நிகழ்ச்சி ஒன்று நிறுத்தப்பட்டது. நிகழ்ச்சியில் பங்கேற்போரின் நலனைக் காக்க அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு வகுத்த விதிகள் 2021 முதல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் குழந்தைகள் பங்கேற்கும் நிகழ்ச்சிகளுக்கு, குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017இல் திருத்தப்பட்ட விதிகள் பொருந்தும். குழந்தைக் கலைஞர் ஒரு நாளில் ஐந்து மணி நேரத்திற்கு மேல் பணியாற்றலாகாது. ஓய்வின்றி மூன்று மணி நேரத்தைக் கடக்கலாகாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிலை வைப்பாக இட வேண்டும். பாட்டுப் போட்டி அரங்கில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, 'இச்சிறுமிக்கு நேரம் முடிந்தது' என்று சொல்லும் கடமை தயாரிப்பு உதவியாளரைச் சார்ந்தது. படப்பிடிப்பு தாமதமாகும் நாள்களில் அது எவருக்கும் இனிக்காத சொல்.

பெயர் பெறும் உரிமை

இத்தகைய பொறுப்பைச் சுமப்பவர் எழுத்தாளரா, அல்லரா? 2006ஆம் ஆண்டு ஜூலையில் 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நிகழ்ச்சியின் கதைத் தயாரிப்பாளர்கள் 12 பேர் இக்கேள்வியை எழுப்பி வேலைநிறுத்தம் செய்தனர். எழுத்தாளர் சங்கத்தின் பாதுகாப்பும், மருத்துவக் காப்பீடும், ஓய்வூதியமும் தங்களுக்கும் வேண்டும் என்றனர். அவர்கள் எழுதுவது வசனம் இல்லை. எனினும் கிடைத்த பேச்சுகளைக் கொண்டு தொடக்கமும் நடுவும் முடிவும் அமைப்பது எழுத்தே என்பது அவர்கள் வாதம். சில மாதங்களில் அவர்கள் வேலையிழந்தனர். அவர்களின்றியே நிகழ்ச்சி தொடர்ந்தது.

தமிழ் மாணவர்க்கு இவ்வழக்கு புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. ஐங்குறுநூற்றின் பாடல்களை இயற்றியோர் ஐவர். எனினும் அந்நூலைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் தனித்தனியே பெயர் குறித்து வைத்தனர் நம் முன்னோர். பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு, பொருள் கொடுத்துத் தொகுக்கச் செய்தவர் வேறு என்னும் தெளிவு அன்றே இருந்தது. ரியாலிட்டி நிகழ்ச்சியில் பேசுபவர், கதைத் தயாரிப்பாளர், நிறுவனத் தயாரிப்பாளர் ஆகிய மூவரையும் ஏறக்குறைய அவ்வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

தமிழகத்தில் வாயில்கள்

நெதர்லாந்தில் 1999இல் தொடங்கிய 'பிக் பிரதர்' நிகழ்ச்சியின் தமிழ் வடிவமாகிய 'பிக் பாஸ்' 2017இல் விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. பூந்தமல்லிக்கு அருகே உள்ள படப்பிடிப்பு வளாகத்தில் அதற்கென வீடு எழுப்பப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் தொழில்நுட்பப் பணிகளில் மும்பையிலிருந்து வந்தோரே மிகுதி என்றும், தமிழகத் தொழிலாளர்களுக்கு உரிய இடம் வேண்டும் என்றும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம் குரல் எழுப்பியது. கேமராவை இயக்க மொழி தேவைப்படாமல் இருக்கலாம். குறிப்பெழுத அவ்வாறன்று. நெல்லைப் பேச்சில் செல்லமாக ஒலிப்பது கொங்கு நாட்டார் செவிக்கு வசையாகப்படலாம்; சென்னைத் தமிழின் கேலியை வேற்றூரார் சண்டை என்று எண்ணலாம். வட்டார வழக்குகளைக் காதால் பிரித்தறியும் குறிப்பாளர் இங்கு இன்றியமையாதவர்.

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலியவற்றில் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. மேனிலைக் கல்வி முடித்தோர் விண்ணப்பிக்கலாம். புனேயிலும் கொல்கத்தாவிலும் மைய அரசின் நிறுவனங்கள் உள்ளன. கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படித்து வருவோரும் பலர். எவ்வழியில் வந்தாலும் பணி பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலேயே அமையும். ஒரு பருவம் முடிந்தால் வருவாயும் நிற்கும். அடுத்த நிகழ்ச்சி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரவுப் பணி உண்டு. பொங்கல், தீபாவளி நாள்களில்தான் வேலை மிகுதி. இதனை வீட்டாரிடம் முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

படிப்பு முடியும்வரை காத்திராமல் இப்போதே பழகத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. வகுப்பில் நடைபெறும் விவாதம் ஒன்றை, அனைவரின் ஒப்புதலையும் பெற்று, அரை மணி நேரம் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யலாம். நிமிடம் குறித்து, பேசியவர் பெயருடன் முழுவதையும் எழுதிய பின், அதனை மூன்று நிமிடமாகச் சுருக்க வேண்டும். சுருக்கியதை வகுப்பில் ஒலிக்கச் செய்து, பேசியவர் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: 'நீங்கள் சொன்னது இதுதானா?'