தை ஒன்று, ஆடி ஒன்று: எலும்புப்புரைக்கு ஊசி போட்டுக்கொள்வது எப்படி?

எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'கால்சியம் ஊசி'. அதில் கால்சியமே கிடையாது என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று, பெயர் மாறவில்லை. போகட்டும். ஆனால் இதை முழங்கால் வலிக்குப் போடும் ஊசியோடு குழப்பிக்கொண்டால்தான் வம்பு. 'எலும்பு தேய்மானம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும். எலும்புப்புரை வேறு. எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகிக்கொண்டே போகும், உடைகிற நாள் வரை வலிக்காது. ஆகவே "ஊசி போட்டதும் வலி விட்டதா?" என்று கேட்டு இந்த மருந்தை எடைபோட முடியாது. இது புரியாமல்தான் பலரும் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நாங்களும் நிறுத்தினோம். அந்தக் கதை பிறகு.

முதலில், ஊசி தேவைதானா?

இடுப்புக்கும் முதுகுக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். முகாம்களில் குதிகாலை ஒரு கருவிக்குள் வைத்துச் சொல்லும் எண்ணை நம்பி ஊசிக்குப் போகாதீர்கள். 'போய் ஸ்கேன் எடுத்துக்கொள்' என்று சொல்லும் அளவுக்குத்தான் அது உதவும். ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்தே கால்சியம் மாத்திரையை நிறுத்தி வையுங்கள். ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் என்று ஒன்று இருக்கும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் எல்லோருக்கும் மருந்து வேண்டியதில்லை. வயதானவர்களுக்கு முதுகெலும்பில் தேய்மானம் இருந்தால் முதுகின் எண் பொய்யாக நன்றாகத் தெரியும். அப்போது இடுப்பின் எண்ணைக் கேளுங்கள்.

எண்ணைவிடப் பெரிய சாட்சி, ஏற்கெனவே உடைந்த எலும்பு. நின்ற இடத்தில் வழுக்கி விழுந்ததற்கே இடுப்பு உடைந்ததென்றால் ஸ்கேன் சுமாராக இருந்தாலும் மருந்து தேவைப்படும். முதுகெலும்பு சத்தமில்லாமல் நசுங்குவதும் உண்டு. வழக்கமாகக் கட்டும் அளவிலேயே கட்டியும் புடவை தரையில் புரள ஆரம்பித்தால் உயரத்தை அளந்து பாருங்கள். நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, மாத்திரையா ஊசியா என்பது. வாரம் ஒரு மாத்திரை போடும் சிகிச்சை பழையது, மலிவானது, மோசமானதும் அல்ல. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல், வேறெதுவும் வாயில் போடாமல் இருக்க வேண்டும். என் மாமியார் அந்த அரை மணி நேரக் காபியை விடத் தயாராக இல்லை. இரண்டாவது வாரமே மாத்திரையைக் காபியோடு விழுங்கியிருக்கிறார். அப்படி விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. நெஞ்செரிச்சல், உணவுக்குழாயில் கோளாறு, நிமிர்ந்து உட்கார முடியாத நிலை, எலும்பு உடைந்து ஆபத்து அதிகமாக இருப்பது ஆகியவைதான் ஊசிக்கு நியாயமான காரணங்கள். காபியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த ஊசி?

வருஷ ஊசி என்பது ஜோலட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம். கையில் டிரிப்ஸ் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவார்கள். வருடத்துக்கு ஒரு முறைதான். பொதுவாக மூன்று வருடம் போட்டுவிட்டு, ஆபத்து குறைந்திருந்தால் சில காலம் இடைவெளி விடலாம். மருந்து எலும்பிலேயே தங்கியிருக்கும். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில் இது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது.

ஆறு மாச ஊசி டெனோசுமாப், 60 மில்லிகிராம். கையிலோ தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் ஒரு குத்து. பலன் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் போட முடியும். ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம் என்பதால் 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

பேனா ஊசி டெரிபாராடைடு. மற்ற இரண்டும் எலும்பு கரைவதைத் தடுப்பவை, இது எலும்பைக் கட்டுவது. தினமும் 20 மைக்ரோகிராம், வீட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமாக இரண்டு வருடம் வரை. முடிந்த கையோடு வேறொரு மருந்துக்கு மாறாவிட்டால் கட்டிய எலும்பு கரைந்துவிடும். எலும்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கும் எலும்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும் இது ஆகாது. மாதம் ஒரு முறை என ஒரு வருடம் போடும் ரோமோசோசுமாபும் இருக்கிறது. கடந்த ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் அதைத் தொடக் கூடாது.

எது சிறந்தது என்று கேட்பதைவிட, எதை உங்கள் வீட்டால் தேதி தவறாமல் போட முடியும் என்று பாருங்கள். மகன் வெளியூரில், ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஆட்டோவுக்கு ஆள் தேட வேண்டும் என்றால், சிறுநீரகம் இடம் கொடுக்கும்பட்சத்தில் வருஷ ஊசிதான் வசதி.

ஊசிக்கு முன் மூன்று வேலைகள்

ஒன்று, ரத்தப் பரிசோதனை. கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின் மூன்றும் கட்டாயம். தைராய்டு, பாராதைராய்டு பார்ப்பதும் நல்லது, எலும்பு மெலிய வேறு காரணம் இருக்கலாம். கிரியேட்டினின் 'நார்மல்' என்று அச்சடித்திருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஊசி தொடங்கும்போது அம்மாவுக்கு 75 வயது, 45 கிலோ. கிரியேட்டினின் 1.0, லேப் ரிப்போர்ட்படி நார்மல். டாக்டர் வயதையும் எடையையும் சேர்த்துக் காகிதத்தில் கணக்குப் போட்டார். சிறுநீரகம் சுத்திகரிக்கும் வேகம் 34.5 வந்தது. 35-க்குக் கீழே வருஷ ஊசி கூடாது. "அரைப் புள்ளிதானே டாக்டர்" என்று அம்மா பேரம் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆறு மாச ஊசி ஆனது அப்படித்தான்.

இரண்டு, குறைந்திருக்கும் கால்சியத்தையும் வைட்டமின் டி-யையும் முதலில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் ஊசி போட்டால் ரத்தத்தில் கால்சியம் சரிந்துவிடும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மூன்று, பல். வருஷ ஊசியோ ஆறு மாச ஊசியோ போட்டவர்களில் மிகச் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். எலும்புப்புரைக்காகப் போடும் அளவில் இது அரிதுதான். இருந்தாலும் ஆடுகிற பல், சொத்தை, அழுத்துகிற பல்செட் எல்லாவற்றையும் முன்பே சரிசெய்து, புண் ஆறியபின் ஊசிக்குப் போங்கள். பிறகு எப்போது பல் டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையே இந்த ஊசியைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஊசி போடும் நாள்

வருஷ ஊசிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டாம். தண்ணீர்தான் முக்கியம். வெளியே கிளம்பும் நாளில் நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பாத்ரூம் போகிற பயம். மாமியாரும் காலையிலிருந்து அரை டம்ளர் காபியோடு வந்து நின்றார். நர்ஸ் அவரை உட்கார வைத்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்த பிறகே டிரிப்ஸை மாட்டினார். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். வாந்தி பேதி இருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள். ஊசி சீட்டில் 5 மில்லிகிராம்தானா என்றும் பாருங்கள். இதே மருந்து புற்றுநோய்க்கு 4 மில்லிகிராம் அளவில் வருகிறது.

அன்று இரவோ மறுநாளோ காய்ச்சல், உடம்பு வலி வரலாம். முதல் முறை போடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதாவது வரும். மாமியாருக்கு 101 டிகிரி, "உலக்கையால அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடி" என்று ஒரே புலம்பல். பாராசிட்டமால் கொடுத்தோம், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் ஒன்றுமே தெரியவில்லை. முதல் ஊசியைக் கல்யாணம், பயணம் என்று எதையும் ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு மாச ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. மருந்துக் கடையில் வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பேக்கோடு வாங்குங்கள், ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். போடுவதற்கு அரை மணி முன்பு வெளியே எடுத்து வைத்தால் குத்தும்போது கடுக்காது.

ஊசிக்குப் பிந்தைய வாரங்களில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போனாலோ, கை கால் இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. கால்சியம் இறங்கியிருக்கலாம். வருடக்கணக்கில் போட்டு வருபவர்களுக்குத் தொடையிலோ கவட்டையிலோ வாரக்கணக்கில் மந்தமான வலி இருந்தால் 'வாய்வு' என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அரிதாக, தொடையெலும்பில் விரிசல் அப்படித்தான் தொடங்கும்.

தேதி

2020 ஜூலையில் அம்மாவின் ஊசித் தேதி வந்தது. மதுரையில் அப்போது ஊரடங்கு. "வலி ஒண்ணும் இல்லையே, எல்லாம் சரியாகட்டும்" என்றார் அம்மா. எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆஸ்பத்திரியில் தொடங்கும்போது இந்த மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்த மார்கழியில் வாசலில் கோலத்துக்குக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்ரேயில் இரண்டு முதுகெலும்புகள் நசுங்கியிருந்தன.

வருஷ ஊசி எலும்பில் தங்கும், டெனோசுமாப் தங்காது. கடைசி ஊசி போட்டு ஏழு மாதம் தாண்டினால் அடைத்து வைத்த அணை திறந்ததுபோல் எலும்பு வேகமாகக் கரையும், முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேற்பட்டும் உடையலாம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் சும்மா நிறுத்தக் கூடாது, வருஷ ஊசியையோ வார மாத்திரையையோ பின்னாலேயே தொடங்க வேண்டும். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்: எத்தனை வருடம் போடப்போகிறோம், நிறுத்தும்போது எதற்கு மாறுவோம், தேதியில் உங்களைப் பார்க்க முடியாவிட்டால் யாரிடம் போட்டுக்கொள்வது? பதிலை ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த தையில் அம்மாவுக்கு மறுபடி தொடங்கினோம். செல்போனில் நினைவூட்டல் வைத்தேன், அது என் போனில்தான் அடிக்கும். அம்மாவே வேறு வழி கண்டுபிடித்தார். தை பிறப்புக்கும் ஆடி பிறப்புக்கும் சரியாக ஆறு மாதம். பொங்கல் முடிந்த மறுவாரம் ஒன்று, ஆடி பிறந்த மறுவாரம் ஒன்று. இப்போது புது தினசரி காலண்டர் வீட்டுக்கு வந்ததும், அமாவாசை கிருத்திகை பார்ப்பதற்கு முன்பே அந்த இரண்டு தாள்களின் மூலையை மடித்துவிட்டுத்தான் ஆணியில் மாட்டுகிறார்.